நான் அழித்த ஒரு வரி

கொம்பியூட்டர் வந்தபோது எங்கள் அலுவலகத்தில் முதலில் மாறியது செருப்புதான். அறைக்குள் தூசி போகக்கூடாது என்று கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர் சொல்லிவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். ஹட்டனின் ஜனவரிக் காலையை அறிந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. போதாததற்கு அறையில் ஒரு குளிரூட்டியும் பொருத்தினார்கள். கொழும்பில் எல்லாக் கொம்பியூட்டர் அறைகளிலும் குளிரூட்டி இருக்கிறது, ஆகவே இங்கேயும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கம்பளிச் சட்டையும் இரட்டைக் காலுறையும் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தோம். மூன்றாவது வாரம் எங்கள் அதிகாரியே போய் அதை நிறுத்திவிட்டார். நிறுத்திய விஷயத்தைக் கொழும்புக்கு யாரும் எழுதவில்லை.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்து ஏறக்குறையப் பத்து வருடம் ஆகியிருந்தது. கம்பெனிகள் போனபிறகு சுற்றுவட்டாரத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பிராந்திய அலுவலகம் வைத்தார்கள். எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து நடந்துபோய் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்து, ஆங்கிலத் தட்டச்சும் பழகியிருந்தேன். அப்பாவுக்கு ஏற்கெனவே இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அது மட்டும் இல்லையென்றால் தட்டச்சு எவ்வளவு வேகமாக அடித்திருந்தாலும் எனக்கு அந்த நாற்காலி கிடைத்திருக்காது. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பரம்பரை என்று எங்கள் லயத்தில் பாதிப்பேருக்கு அதைக் கொடுத்திருக்கவில்லை.

எனக்குக் கொடுத்தது பதிவுப் பிரிவு. அதில் மூன்று பேர். பெரிய கிளாக்கர் ஐயா, நான், வலப்பனையிலிருந்து வந்த ஒரு சிங்களத் தோழி. தோட்டத்துக்கு ஒன்றாகத் தடித்த பதிவுப் புத்தகங்கள் இருந்தன. ஒவ்வொரு தொழிலாளியின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, வேலைக்குச் சேர்ந்த திகதி எல்லாம் அவற்றில் இருக்கும். பள்ளிக்கூடம், பொலிஸ், நீதிமன்றம், மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரி என்று எங்கிருந்து விசாரணைக் கடிதம் வந்தாலும், புத்தகத்தைத் திறந்து, பார்த்து, பிரதி எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

பெரிய கிளாக்கர் ஐயா எங்கள் ஆள்தான். கங்காணி ஒருவரின் மகன். கம்பெனிக் காலத்திலிருந்தே கிளாக்கராக இருந்தவர். சிடுமூஞ்சி என்று பெயர். ஒரு புத்தகத்தை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் இரண்டு நாள் பேசமாட்டார். பேனாவைக் காதில் செருகிக்கொள்வார், பிறகு மேசை முழுக்கத் தேடுவார். எடுத்துக் கொடுத்தால் நன்றி சொல்லமாட்டார். எனக்கும் அவருக்கும் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கொம்பியூட்டர் வரப்போகிறது என்று சுற்றறிக்கை வந்ததும் அலுவலகத்தில் ஆளுக்கொரு பேச்சு. இனி பாதிப்பேருக்கு வேலை இல்லை என்றார்கள் சிலர். அதன் முன்னால் உட்கார்ந்தால் கண் போய்விடும், கர்ப்பிணிகள் கிட்டவே போகக்கூடாது என்று தட்டச்சுப் பிரிவில் ஒரு கதை ஓடியது. யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது என்று சங்கத்தில் ஒரு கடிதம் எழுதி எல்லோரிடமும் கையொப்பம் வாங்கினார்கள். நானும் போட்டேன். போட்டுவிட்டு, பயிற்சிக்குப் போக விரும்புகிறவர்களின் பட்டியலிலும் பெயரைக் கொடுத்தேன்.

முதலில் பெரிய கிளாக்கரைத்தான் கேட்டார்கள்.

"எனக்கு ஓய்வுக்கு நாலு வருசம் இருக்கு. அந்தப் பொட்டிகிட்ட போயி அரிச்சுவடி படிக்கச் சொல்றீங்களா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டில் அண்ணன் சம்மதிக்கவில்லை. எண்பத்துமூன்று ஜூலையில் தமிழர்களைத் தாக்கிய கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் கொழும்புக்குப் போனதில்லை. வலப்பனைத் தோழிதான் வீட்டுக்கு வந்து அண்ணனிடம் பேசினாள். கொழும்பில் அவளுடைய பெரியம்மா வீட்டிலேயே இருவரும் தங்கலாம், தான் கூடவே இருப்பேன் என்றாள். மூன்று வாரமும் சொன்னபடியே இருந்தாள். பஸ்ஸில் சீட்டு வாங்குவதிலிருந்து வழி கேட்பதுவரை அவளே பேசினாள். நான் வாய் திறக்க வேண்டிய தேவை வராமல் பார்த்துக்கொண்டாள். அதைப்பற்றி நாங்கள் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை.

பயிற்சி எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பெயரை அடித்து ஒரு விசையைத் தட்டினால் ஆயிரம் பெயர்களுக்குள்ளிருந்து அந்தப் பெயர் எழுந்து வந்து நிற்பதைப் பார்த்தபோது, எட்டுக் கிலோப் புத்தகங்களை ஏணியில் ஏறி இறக்கிய வருடங்களெல்லாம் வீணாகப் போனதுபோல இருந்தது. அந்த வேலையை ஊரிலேயே முதலில் கற்றவள் நான் என்ற பெருமையும் வந்துவிட்டது.

திரும்பி வந்ததும் சண்டை தொடங்கியது. கொழும்பிலிருந்து தந்த படிவத்தில் பெயருக்கு இருபத்துநான்கு ஆங்கில எழுத்து, தகப்பன் பெயருக்கு இருபத்துநான்கு, திகதிகள், கடைசியில் 'நிலை' என்று ஒரு கட்டம். வேலையில் இருக்கிறார், விலகியவர், இறந்தவர், இந்தியா சென்றவர் என்று நான்கில் ஒன்றை அதில் போட வேண்டும். அவ்வளவுதான். பழைய புத்தகத்தில் வலது ஓரமாகக் 'குறிப்பு' என்று ஒரு பத்தி இருக்கும். அதற்குப் படிவத்தில் இடமே இல்லை.

பெரிய கிளாக்கர் படிவத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குறிப்பு எங்க?"

"அது தேவையில்லைன்னு சொல்லிட்டாங்க ஐயா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் வருது. அது போதும்."

"நம்பர் நம்ம குடுக்குறது. தோட்டத்துல இருக்குற ஆளுக்குத் தன் நம்பர் தெரியுமா? பேரத்தான சொல்லுவாங்க. ஒரே பேர்ல ஆறு பேர் இருப்பாங்க. இன்னாரு மேட்டு லயம், இன்னாரு தேயிலை மலையில விழுந்து கால் ஒடைஞ்சவருன்னு நான் எழுதி வச்சிருக்கேனே, அது எதுக்குன்னு நெனச்சீங்க?"

"அதெல்லாம் பழைய முறை ஐயா."

சொன்னபின் எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. அவர் படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் என்னை 'அம்மா' என்று கூப்பிடுவதை விட்டு 'மிஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

தோழியும் நானும் எட்டு மாதம் உட்கார்ந்து எல்லாப் புத்தகங்களையும் உள்ளே ஏற்றினோம். மழைக்காலத்தில் இடி இடித்தால் கரண்ட் போகும். அன்று காலையிலிருந்து அடித்ததில் பாதி போய்விடும். மறுபடியும் அடிப்போம். பிறந்த திகதி தெரியாதவர்களுக்கெல்லாம் பழைய கிளாக்கர்மார் ஒரு உத்தேச வருடத்தைப் போட்டு ஜனவரி முதலாம் திகதி என்று எழுதியிருந்தார்கள். அப்படி ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள் மட்டும் ஒரு தோட்டத்துக்கு நூறு பேராவது இருப்பார்கள். அதையும் அப்படியே அடித்தோம். ஒரு தோட்டம் முடிந்ததும் அதன் புத்தகத்தை அந்தத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பிவிடும்படி அதிகாரியின் உத்தரவு. பதிவறையின் அலுமாரிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. பெரிய கிளாக்கர் அந்த அறைப்பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார்.

எல்லாம் ஏற்றிய பின் சரிபார்க்கும் நிரல் ஒன்றை ஓட்டச் சொன்னார்கள். ஒரே தோட்டத்தில் பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி மூன்றும் ஒன்றாக இருக்கும் வரிகளை அது தேடி அச்சடித்துக் கொடுத்தது. இவை இரட்டைப் பதிவுகள், இரண்டில் கடைசியாக மாற்றம் பதிந்த வரியை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கவும் என்று அறிவுறுத்தல் தாளில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் உட்கார்ந்து ஒன்றரை மணித்தியாலத்தில் அழித்து முடித்தேன். கை தவறி ஒரே ஆளை இரண்டு தடவை அடித்திருக்கிறோம் என்றுதான் நினைத்தேன். அப்படியும் சில இருந்தன. மூன்று மணிக்குத் தேநீர் குடிக்கப் போனேன்.

அடுத்த வருடம் நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் வேலை மும்முரமாக நடந்தது. கச்சேரியிலிருந்து கட்டுக்கட்டாக விசாரணைக் கடிதங்கள் வந்தன. இன்னார் உங்கள் தோட்டத்தில் இருக்கிறாரா, எப்போதிலிருந்து இருக்கிறார் என்று. முன்பு ஒரு நாளைக்குப் பத்துக்குப் பதில் எழுதினால் பெரிய விஷயம். இப்போது அறுபது அனுப்பினோம். அதிகாரி எங்களைக் கூப்பிட்டுப் பாராட்டினார். பக்கத்துப் பிரிவுகளிலிருந்து ஆட்கள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார்கள். கண் போய்விடும் என்று சொன்ன தட்டச்சுக்காரிகூட எனக்கும் பழக்கித் தருகிறீர்களா என்று கேட்டாள்.

அந்த நாட்களில்தான் ஒரு காலை நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு அன்று போகாமல் முதல் பஸ்ஸில் வந்திருந்தார். கூடக் கணவரும் வந்திருந்தார். அவர் கடைசிவரை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

அந்தப் பெண் மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். சிங்களத்தில் இருந்தது. நான் படித்துச் சொன்னேன். நீங்கள் இந்தியப் பிரஜையாகி இந்தியாவுக்குச் சென்றுவிட்டதாகத் தோட்டப் பதிவு கூறுவதால் உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க முடியாது, செல்லாமல் இங்கே தங்கியிருந்தால் அதற்கான காரணத்தைப் பொலிஸில் விளக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

"நான் எங்கயும் போகலையே மிஸ். நேத்துக்கூட மலையில கொழுந்து எடுத்தேன். நான் இந்தியாவுக்குப் போயிட்டேன்னா இங்க கொழுந்து எடுக்குறது யாரு?"

கொம்பியூட்டரில் பெயரை அடித்துப் பார்த்தேன். தோட்டத்தின் பெயர் சரி, தகப்பன் பெயர் சரி. ஜனவரி முதலாம் திகதி. நிலை: இந்தியா சென்றவர்.

"பாஸ்போட்டு எடுத்தீங்களா அம்மா? யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்ல மிஸ். சத்தியமா எடுக்கல."

எத்தனையோ பேர் இந்தியாவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு போக மனமில்லாமல் இங்கேயே இருந்தார்கள். பொலிஸ் தேடி வரும்போது தேயிலைக்குள் ஒளிந்தவர்களை எனக்குத் தெரியும். இவரும் அப்படித்தான் என்று நினைத்தேன். பாவம், ஒப்புக்கொள்ளப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

"கொம்பியூட்டர்ல அப்படித்தாம்மா இருக்கு" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் அந்தத் திரையைப் பார்த்தார். அதில் இருந்தது எதுவும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. "அது பள்ளத்து லயத்துக்காரியா இருக்கும் மிஸ்" என்றார். "அவளுக்கும் என் பேருதான். எங்கப்பாவுக்கும் அவங்கப்பாவுக்கும் ஒரே பேரு. அவ கப்பலேறிப் போயி ஆறு வருசம் ஆச்சு. ஹட்டன் ஸ்டேசனுக்கு அவ பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போனதே நான்தான்."

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன் என்பது நினைவிருக்கிறது.

பெரிய கிளாக்கரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"மேட்டு லயம், பள்ளத்து லயம். நான்தான எழுதி வச்சேன்" என்றார். பிறகு, "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார். அதை அந்த வாரம் முழுக்கச் சொன்னார்.

மறுநாளே நாங்கள் இருவரும் அந்தத் தோட்டத்துக்கு பஸ்ஸில் போனோம். திருப்பி அனுப்பிய புத்தகத்தைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் போட்டிருந்தார்கள். தென்மேல் பருவக் காற்றில் கூரைத் தகரம் ஒன்று பிய்ந்து, மாதக்கணக்காகத் தண்ணீர் விழுந்திருந்தது. புத்தகம் ஊறித் தலையணை போல உப்பியிருந்தது. பெரிய கிளாக்கர் தரையில் உட்கார்ந்து, கோடு போடும் அடிமட்டத்தை இடையில் விட்டுத் தாள்களைப் பிரித்தார். பள்ளத்து லயத்துப் பெண்ணின் வரி ஓரளவு வாசிக்க முடிந்தது. மற்றவரின் வரி இருந்திருக்க வேண்டிய தாளில் நீல மை கரைந்து ஒரு கறையாக நின்றது. அவர் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவருடைய கையெழுத்து.

அந்தப் பெண் இப்போது வேலை செய்கிறார் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கடிதம் கொடுக்கத் தயாராக இருந்தார். ஆனால் அது போதாது. அந்தப் பெயரில் ஒருவர் வேலை செய்கிறார் என்றால், போகாமல் தங்கிவிட்டவர் அவர்தான் என்று கச்சேரியில் சொல்லிவிடுவார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதற்கு எங்களுக்கு ஆதாரம் வேண்டியிருந்தது.

திரும்பும் பஸ்ஸில்தான் பெரிய கிளாக்கர் கேட்டார். "ஒவ்வொரு நாளும் சாயந்தரம் ஒரு தட்டுல கொப்பி எடுத்து வப்பீங்களே, அழிச்சது அதுலயும் அழிஞ்சிருக்குமா?"

பிளொப்பியைத்தான் சொன்னார். பெயர்களை ஏற்றிய நாட்களில் அன்றன்றைய வேலையை இரண்டு பிளொப்பிகளில் பிரதியெடுத்து ஒரு அலுமாரியில் வைப்போம். ஈரம் படாமலிருக்க அலுமாரிக்குள் ஒரு மின்குமிழ் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். பிறகு யாரும் அவற்றைத் தொட்டதில்லை. தோட்டத்தின் பெயர் எழுதி ஒட்டிய தாள்களில் பாதி, அந்தச் சூட்டில் பசை காய்ந்து உதிர்ந்திருந்தன.

"அழிஞ்சிருக்காது ஐயா. ஆனா இருநூறுக்கு மேல இருக்கு. எது எந்தத் தோட்டமுன்னு தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார்.

அலுவலகத்துக்கு வந்ததும் தன் இழுப்பறையிலிருந்து ஒரு கோடு போட்ட கொப்பியை எடுத்தார். ஒவ்வொரு பிளொப்பிக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அதன் மூலையில் அழியாத மையால் சின்னதாக எழுதி, எந்தத் திகதி, எந்தத் தோட்டம், எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கம் வரை, அடித்தது யார் என்று முழுவதையும் பதிந்திருந்தார். தினமும் சாயந்தரம் அலுமாரிப் பக்கம் போய் என்னமோ செய்வார். என்ன அது என்று ஒருநாள் நானும் தோழியும் எட்டிப் பார்த்துச் சிரித்ததுண்டு. "ஒப்பீசுக்குள்ள வர்ற எந்தச் சாமானையும் பதியாம வைக்கக்கூடாது. அது கொழும்புப் பொட்டியா இருந்தாலும் சரிதான்" என்றார்.

முதல் பிளொப்பியைப் போட்டோம். கர் கர் என்று சத்தம் கேட்டது, வாசிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் உள்தட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம், கரண்ட் இல்லாமல் குமிழ் அணைந்த மழைநாட்களில் பிடித்திருக்க வேண்டும். இரண்டாவது பிரதியைத் தோழி எடுத்தாள். போடுவதற்கு முன் அதைத் தன் கம்பளிச் சட்டைக்குள் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கினாள். அதனால் ஏதும் பலன் உண்டா என்று எனக்குத் தெரியாது. அது வாசித்தது.

பெயர் இரண்டு வரிகளில் வந்தது. ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர், ஒரே ஜனவரி ஒன்று. பதிவிலக்கம் மட்டும் வேறு, வேலைக்குச் சேர்ந்த வருடமும் வேறு. ஒருவர் இந்தியா சென்றவர். மற்றவர் வேலையில் இருக்கிறார்.

பெரிய கிளாக்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு மிக அருகில் குனிந்தார். அன்றுதான் முதல்தடவையாக அவர் அந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது அன்னைக்கு அடிச்ச மாதிரியேதான் இருக்கா? யாரும் கை வைக்க முடியாதா?"

"முடியாது ஐயா. இந்த ஓரத்துல தாள் ஒட்டிட்டா அதுல ஒண்ணும் எழுத முடியாது."

"அப்ப புத்தகத்தவிட இது மேல்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

தாளில் அச்சடித்து அதிகாரியிடம் கொண்டுபோனோம். அவர் சிங்களவர். நல்ல மனிதர்தான், ஆனால் கொழும்பிலிருந்து கேள்வி வந்தால் பயப்படுவார். கச்சேரிக்கு அனுப்ப நான் எழுதியிருந்த கடிதத்தை வாசித்துவிட்டு, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"'என் பிழையால் அழிக்கப்பட்டது' என்று ஏன் எழுதியிருக்கிறீர்கள்? இயந்திரக் கோளாறு என்று எழுதுங்கள். யாருக்கும் பிரச்சினை இல்லை."

அவர் எனக்கு நன்மை செய்வதாகத்தான் நினைத்தார். ஒரு நிமிடம் எனக்கும் அப்படியே எழுதிவிடலாம் என்றுதான் தோன்றியது. விசாரணை வரும். பதவி உயர்வுப் பட்டியலில் அந்த வருடம் என் பெயர் இருந்தது.

பெரிய கிளாக்கர்தான் பேசினார், அவருடைய நிதானமான சிங்களத்தில். "இயந்திரம் பிழை விடும் என்று எழுதினால், அதே இயந்திரத்தில் எடுத்த இந்தத் தாளைக் கச்சேரியில் எப்படி நம்புவார்கள் சேர்?"

அதிகாரி கடிதத்திலிருந்து விரலை எடுத்தார். பெரிய கிளாக்கர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "மெசின் பிழைன்னா அந்தப் பொம்பளையோட கேசு அதோட போச்சு. ஆள் பிழைன்னாத்தான் இந்தத் தாள் நிக்கும். ஒங்க இஷ்டம்மா. இப்படித்தான் எழுதணும்னு நான் சொல்ல மாட்டேன்."

நான் அந்த வரியை மாற்றவில்லை. கையொப்பம் வைத்தேன். அவரும் கீழே வைத்து முத்திரை குத்தினார்.

நுவரெலியா கச்சேரிக்கு அந்தப் பெண்ணோடு நானும் போனேன். பிரஜாவுரிமை விண்ணப்பங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர் எங்கள் அலுவலகம் முன்பு அனுப்பிய தாளையும் புதிய தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரிப் புள்ளி எழுத்து, ஒரே மாதிரி ஓரத்தில் துளை போட்ட தாள்.

"ஒரே இயந்திரம். இரண்டு கதை" என்றார் சிங்களத்தில். "எதை நம்புவது?"

"முதலில் அனுப்பியது நான் ஒரு வரியை அழித்த பிறகு எடுத்தது. இது அழிப்பதற்கு முன் இருந்தது சேர்."

"ஏன் அழித்தீர்கள்?"

"இரண்டும் ஒரே ஆள் என்று நினைத்தேன்."

"தோட்டத்தில் கேட்டுப் பார்த்தீர்களா?"

"இல்லை."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, என்னை வாசித்துக் கையொப்பமிடச் சொன்னார். பக்கத்தில் நின்ற அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே வந்ததும், "ஒங்களை ஏசுனாங்களா மிஸ்?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கடலை வாங்கினார். பஸ் வரும்வரை இருவரும் தின்றோம்.

நான்கு மாதம் கழித்து அவருக்குச் சான்றிதழ் வந்தது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மூலம் செய்தி சொல்லியனுப்பினார். எனக்கு அதற்கு முன்பே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. கொம்பியூட்டர் அறைச் சாவியை மூன்று மாதம் தோழியிடம் கொடுத்திருந்தார்கள். பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. அண்ணன் கோபப்பட்டார். மெசின் மேல் போட்டிருக்கலாமே என்றார். அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

பெரிய கிளாக்கர் கொழும்புக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார், ஒன்றல்ல, ஐந்து. ஐந்தாவதுக்குப் பதில் வந்தது. நாற்பது எழுத்துக்குள் ஒரு குறிப்புக் கட்டம் சேர்க்க அனுமதித்தார்கள். பொறியியலாளர் வந்து அதைச் சேர்த்துவிட்டுப் போன மறுநாள் காலை, பெரிய கிளாக்கர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குரங்குத் தொப்பியோடு உள்ளே வந்தார்.

"எந்த விசை?" என்றார்.

இரண்டு விரலால் அடிக்கப் பழகினார். கொம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாது, ஆகவே மேட்டு லயத்தையும் பள்ளத்து லயத்தையும் ஆங்கில எழுத்தில் போட்டார். மெதுவாகத்தான் போகும். ஒரு நாளைக்கு இருபது பேர். யாராவது அவசரப்படுத்தினால் சத்தம் போடுவார். மற்றப் பிரிவுகளிலிருந்து வந்து இந்தப் பெட்டியைப் பற்றிக் குறை சொன்னவர்களிடம் அவரே வாதாடியதை நான் கேட்டிருக்கிறேன். "பொட்டி நல்ல பொட்டிதான். நாம ஒழுங்கா சொல்லிக் குடுத்தா அது ஒழுங்கா சொல்லும்" என்பார். ஓய்வு பெறும்வரை அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

எனக்கு வேறு வேலை இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை நான் அழித்தது ஒரு வரி அல்ல. பட்டியல் தாள் பைலில் இருந்தது. எடுத்து எண்ணினேன், முப்பத்தொன்று. சாவி என் கைக்குத் திரும்பி வந்ததும், பெரிய கிளாக்கரின் கொப்பியைப் பார்த்துப் பிளொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். பிறகு சனிக்கிழமைகளில் தோட்டங்களுக்குப் போனேன். சில நாள் தோழியும் வந்தாள். லயத்து வாசலில் நின்று, இந்தப் பேர்ல எத்தனை பேர் இங்க இருக்காங்க என்று கேட்போம். பெரும்பாலானவை கை தவறி இருமுறை அடித்தவைதான். நோர்வூட் பெண்ணின் பெயரைத் தவிர இன்னும் ஏழு பெயர்கள் உண்மையிலேயே இருவருடையவை. அவர்களில் ஒருவர் இறந்துவிட்டிருந்தார். மற்றவர்களைத் திரும்பவும் ஏற்றினோம். அவர்களில் யாருக்கும் அதுவரை கச்சேரியிலிருந்து மறுப்புக் கடிதம் போகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

வட்டவளைப் பக்கத்தில் ஒரு தோட்டம். அங்கே ஒரு பெயரைப்பற்றி மட்டும் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அந்த லயத்தையே இடித்திருந்தார்கள். இருந்த குடும்பங்கள் சில இந்தியாவுக்கும், சில வவுனியாப் பக்கமும் போயிருந்தன. அந்தப் பெயரில் ஒரு ஆள் இருந்தார் என்று ஒருவர் சொன்னார். அண்ணன் தம்பி மாதிரி இரண்டு பேர் இருந்தார்கள் என்று இன்னொருவர் சொன்னார். இருவரும் உறுதியாகச் சொல்லவில்லை. மழை தொடங்கிவிட்டது. கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று தோழி கூப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை அந்தப் பெயரை இரண்டு வரியாகவே ஏற்றினேன். குறிப்புக் கட்டத்தில் என்ன போடுவது என்று பெரிய கிளாக்கரிடம் கேட்டேன். "தெரியலன்னு போடுங்கம்மா" என்றார். அப்படியே போட்டேன்.